அரைக்கால் சுற்று

ரெக்கார்டு பிளேயரின் கை எந்த இடத்தில் ஊன்றி நிற்கிறதோ, அங்கே பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு உண்டு. மிளகைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். அந்தத் திருகு இறுகிப்போனால் கை விறைத்துக்கொள்ளும். ஊசி இசைத்தட்டின் கோட்டில் தன்போக்கில் உள்ளே நகராமல் ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே போகும். தளர்ந்துபோனால் கை ஆடும். ஊசி கோடு விட்டுக் கோடு தாவும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அதன் அகலம் அரைக்கால் சுற்று. பொறுமையாகத் தேடினால் அது கிடைத்துவிடும். கிடைத்த பிறகு திருகு அசையாமல் இருக்க அதன் மேல் செக் நட்டை இறுக்க வேண்டும். நட்டு இறுகும்போது திருகையும் துளி இழுத்துக்கொண்டு போகும். போனதா, போகவில்லையா என்று கண்ணுக்குத் தெரியாது. என்னைப் போன்ற ஆளுக்கு அங்கேதான் உயிர் போகும்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு கடையைப் பூட்டினோமா என்று இறங்கி ஓடி வருகிற ஆள் நான். பூட்டியிருக்கும். இழுத்துப் பார்ப்பேன். நாலு எட்டு நடந்துவிட்டு, இழுத்த இழுப்பில் பூட்டு கழன்றிருக்குமோ என்று திரும்பி வருவேன். இது சிரிக்கிற விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

என் அப்பா காரைக்குடியில் பொன் வேலை செய்த பத்தர். நான் ஏழாவது படிக்கும்போது செட்டியார் வீட்டு ஆச்சி ஒருவரின் வைரத்தோட்டுக்குப் புதுத் திருகாணி செய்து கொடுத்தார். சில மாதம் கழித்துத் தேர்க் கூட்டத்தில் ஒரு காதுத் தோடு விழுந்துவிட்டது. தேடாத இடமில்லை. அப்பா மரையைத் தளர்வாக வெட்டியிருக்கிறார் என்றார்கள். வேண்டுமென்றே வெட்டியிருக்கிறார் என்றும் சொன்னார்கள். யாரும் போலீசுக்குப் போகவில்லை, வாசலில் வந்து சத்தம் போடவில்லை. வேலை கொடுப்பதை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். அந்த வருடத்தோடு என் படிப்பு போயிற்று. எப்போதாவது வருகிற ஒன்றிரண்டு தோடுகளின் திருகாணியை அப்பா என் கையில் கொடுத்து, "இறுகுதா? இன்னொரு சுத்து. இன்னும்" என்பார். நகக்கண் வெளுக்கும்வரை சுற்றுவேன். போதும் என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. தளர்ந்தால் குடி கெடும் என்பது என் விரலுக்குத் தெரியும். இறுகினால் என்ன கெடும் என்பது தெரியாது.

கல்யாணமான பிறகு, மனைவியின் அண்ணன் நடத்திய மைக் செட்டுக் கடையில் சேர்ந்துகொண்டேன். மச்சான் கம்பத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார், ஒயர் இழுப்பார், வீட்டுக்காரர்களிடம் பேசுவார். ஆம்ப்ளிஃபயரும் ரெக்கார்டு பிளேயரும் என் பொறுப்பு. ஒவ்வொரு ஊருக்கும் வண்டியில் ஏற்றி இறக்குவதில் பிளேயரின் திருகுகள் அசைந்துவிடும். போன இடத்தில் முதலில் உட்கார்ந்து அதைச் சரிசெய்ய வேண்டும். மச்சான் அரை மணி நேரத்தில் நாலு குழாய் கட்டிவிட்டு வந்து நிற்பார். நான் இன்னும் அந்தத் திருகில் இருப்பேன்.

"ஏ மாப்ளே, நீ செட்டு போட வந்தியா, வைரம் பதிக்க வந்தியா? கல்யாணப் பொண்ணுக்குப் புள்ளை பொறந்து அது பள்ளிக்கூடம் போயிரும்ய்யா, நீ பாட்டுப் போடுறதுக்குள்ள."

எழுபது எழுபத்தொன்று வாக்கில் நாச்சியாபுரத்தில் ஒரு கல்யாணம். பெரிய வீடு. முகப்பிலிருந்து பின்கட்டு வரை போய்த் திரும்பினால் கால் வலிக்கும். முதல் நாள் காலையிலேயே போய் இறங்கிவிட்டோம். மச்சான் குழாயைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். நான் வளவின், அதாவது உள்முற்றத்தின், ஓரத்தில் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தபோது மணப்பெண்ணின் அம்மா வந்து நின்றார். நாற்பது நாற்பத்திரண்டு வயது இருக்கும். வெள்ளைச் சேலை. கையில் பழைய பட்டுத்துணியில் சுற்றிய ஏதோ ஒன்றை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"தம்பி, நீங்கதானே செட்டுக்காரவுக? எனக்கு ஒரு காரியம் ஆகணும்."

என்னை அவர்கள் பங்குக்கு வந்த அறைக்குள் கூட்டிப்போய்த் துணியைப் பிரித்தார். ஓர் இசைத்தட்டு. சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. கடையில் விற்கிற தட்டுப் போலக் கனமில்லை. மெல்லிய அலுமினியத் தகடு, மேலே கறுப்பாக ஏதோ பூசியிருந்தது. விளிம்பில் ஓரிடத்தில் பூச்சு விட்டுத் தகடு மின்னியது.

"அவுக பினாங்குல இருக்கையில அனுப்புனது. அங்க ஒரு கடையில போயிப் பேசுனா, பேசுறதைத் தட்டுல பிடிச்சுத் தருவாகளாம். என் மக அப்ப வயித்துல. ஊருக்கு வந்தவுக ஒருத்தர்கிட்டக் குடுத்து விட்டாக."

"போட்டுக் கேட்டீகளா ஆச்சி?"

"முகப்புல வச்சு அவுக அண்ணன் போட்டாக. ஆம்பளைக எல்லாம் சுத்தி உக்காந்திருந்தாக. நான் வளவுக் கதவுக்குப் பின்னால நின்னேன். அவுக குரல்னு தெரிஞ்சுச்சு. என்ன சொன்னாகன்னு பிடிபடலை."

"அப்புறம் யார்கிட்டயும் கேக்கலையா?"

"கேட்டேன். 'எல்லாம் சவுக்கியம்கிறான், மேவீட்டுக் கூரை ஓட்டை மாத்தச் சொல்றான்'னாக. அம்புட்டுத்தான். ஒரு பக்கம் முழுக்கப் பேசுனவுக அது ரெண்டு மட்டுமா சொல்லியிருப்பாக? திருப்பிப் போடுங்கன்னு சொல்ற வயசா எனக்கு, அந்த வீட்டுல? அடுத்த மாசமே அங்கயிருந்து தந்தி வந்துருச்சு."

அந்தத் தட்டு கணவரின் அண்ணனுடைய இரும்புப் பெட்டிக்குள் போய்விட்டது. போன வருடம் அவர் இறந்து பெட்டியைத் திறந்தபோதுதான் இவர் கைக்கு வந்திருக்கிறது. இருபது வருடம் ஒரே வீட்டில், இரண்டு அறை தள்ளி அது இருந்திருக்கிறது.

"நாளைக்குத் திருப்பூட்டுக்கு முன்னால என் மக இதைக் கேக்கணும். தாலி ஏறுற நேரத்துல நான் முன்னால போயி நிக்க முடியாதுல்ல, தம்பி. பெத்தவுகளா நின்னு வேற ஆளுகதான் செய்வாக. அவுகளாவது ரெண்டு வார்த்தை சொல்லட்டும்."

நான் தட்டை வாங்கிக்கொண்டேன். இப்போதே கேட்கிறீர்களா என்றேன்.

"வேணாம், வேணாம். நானும் அவளும் சேந்துதான் கேக்கணும். ஓடுதான்னு மட்டும் பாத்து வைங்க. நான் அங்குட்டுப் போயிர்றேன்."

கதவைச் சாத்திவிட்டு வளவுக்கு மறுபக்கம் போய்விட்டார். அவர் நடந்துபோகிற சத்தம் அடங்கும்வரை நான் தட்டைத் தொடவில்லை.

எங்கள் பிளேயரில், இந்த மாதிரிப் பழைய தட்டுகள் ஓடுகிற எழுபத்தெட்டு வேகமும் உண்டு. ஊசிமுனையை அந்தப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டு, குழாய்க்குப் போகிற ஒயரைக் கழற்றி ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் மாட்டினேன். தட்டைச் சுழல விட்டு ஊசியை விளிம்பில் இறக்கினேன். மழை பெய்கிற மாதிரி ஓர் இரைச்சல். பிறகு ஒருவர், மிக அருகில், யாரிடமோ கேட்டார்.

"ஓடுதா? பேசட்டுமா?"

எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. இருமிவிட்டுப் பேச ஆரம்பித்தார். இளம் குரல். என் வயதுதான் இருக்கும். அம்மா சவுக்கியமா, ஆடு வந்து முருங்கைக் கன்றைத் தின்றுவிட்டதாமே என்று சாதாரணமாகத்தான் பேசினார். நடுவில் குரல் மாறியது. வயிற்றில் இருக்கிற பிள்ளையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அந்த இடத்தில் ஊசி ஒரு தடவை தாவியது. ஒரு சொல் போயிற்று. பிறகு ஒழுங்காக ஓடி, மேல்வீட்டு ஓட்டை மழைக்கு முன்னால் மாற்றச் சொல்லி, கடைசியில் "அம்புட்டுத்தானா? இன்னும் இடம் இருக்கா?" என்று அந்தக் கடைக்காரரிடம் கேட்பதோடு முடிந்தது.

மச்சான் எப்போது வந்து வாசலில் நின்றார் என்று தெரியாது.

"மனுசன் எதுத்தாப்புல உக்காந்து பேசுற மாதிரியில்ல இருக்கு!" என்றார்.

"நடுவுல தாவுது மச்சான்."

"ஒரு வார்த்தைதானே? போகட்டும் விடு. இருபது வருசத்துத் தட்டு இந்த மட்டுக்கு ஓடுறதே பெரிசு. எடுத்து வச்சிட்டு வந்து ஒயரைப் பிடி."

வளவின் அந்தப் பக்கத்திலிருந்து ஆச்சியின் குரல் வந்தது. "கேக்குதா தம்பி? அவுக குரல் கேக்குதா?"

"கேக்குது ஆச்சி. நல்லாக் கேக்குது."

அத்தோடு அந்தத் தட்டைத் துணியில் சுற்றி வைத்திருக்க வேண்டும். இத்தனை வருடத்தில் நான் யோசித்து யோசித்துப் பார்த்து இதைத் தவிர வேறொன்றும் கண்டுபிடிக்கவில்லை. அப்போது என் மனம் ஓடிய விதம் வேறு. இன்றைக்கு ஒரு தடவை தாவியது நாளைக்கு நாலு தடவை தாவாதா? அந்தத் தாய் இருபது வருடம் காத்திருந்து கேட்கப்போகிற நேரத்தில் ஊசி ஒரே கோட்டில் சிக்கிக்கொண்டு ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொன்னால்? எல்லார் முன்னாலும்? பத்தர் மகன் வைத்த திருகு தளர்ந்துபோயிற்று என்பார்கள். அப்படி யாரும் சொல்லப்போவதில்லை. அங்கே யாருக்கும் என் அப்பாவைத் தெரியாது. ஆனாலும் எனக்குக் கேட்டது.

ஒயர் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு மத்தியானம் திரும்ப வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் சொந்தத் தட்டுகளைப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் தாவாமல் ஓடின. அவை ஆழமான கோடு போட்ட கனமான தட்டுகள். எப்படிப்பட்ட திருகுக்கும் ஓடும். ஆகவே அவற்றை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது, இந்தத் தட்டைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும் என்று முடிவுசெய்தேன். முழுவதும் போட்டால் நேரம் போகிறது என்று, தாவிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், குரல் மாறுகிற இடத்தில், ஊசியை இறக்கிக் கேட்க ஆரம்பித்தேன்.

செக் நட்டைத் தளர்த்தித் திருகை அரைக்கால் சுற்று இறுக்கினேன். கேட்டேன். தாவியது. இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். தாவவில்லை, ஆனால் குரல் மூக்கடைத்த மாதிரி வந்தது. தளர்த்தினேன். இரண்டு இடத்தில் தாவியது. ஓட்டைக் காலணா ஒன்றை எடுத்துக் கையின் தலையில் ஒட்டிப் பாரம் ஏற்றினேன். தாவல் நின்றது. அப்பாடா என்று நட்டை இறுக்கினேன். இறுக்கியதில் திருகு நகர்ந்ததோ என்ற சந்தேகம். மறுபடி கேட்டேன். சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்தது தற்செயலோ என்று இன்னொரு தடவை கேட்டேன். பிளேயரை ஒரு தடவை தூக்கி வைத்தால் அசையுமோ என்று தூக்கி வைத்துவிட்டுக் கேட்டேன்.

அந்த இடத்தில் அவர் சொன்னது இதுதான். ஒரு நிலையில் தாவிய சொல் இன்னொரு நிலையில் வந்துவிடும், ஆகவே ஒன்றுவிடாமல் எனக்குத் தெரியும்:

"ஆம்பளைப் புள்ளையா இருந்தாலும் சரி, பொம்பளைப் புள்ளையா இருந்தாலும் சரி. எனக்கென்னமோ பொம்பளைப் புள்ளைன்னுதான் தோணுது. அவளுக்கு அவசரப்பட்டுக் காது குத்திறாதீக. நான் வந்திர்றேன். மாமன் மடியிலதான் வைப்பாக, தெரியும். இருந்தாலும் நான் பக்கத்துல நிக்கணும். அழுதான்னா என் விரலைப் பிடிச்சுக்கிருவா."

முதல் தடவை கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. பத்தாவது தடவை அது வெறும் சத்தம். 'மடியிலதான்' என்ற சொல்லில் தாவுகிறதா, இல்லையா என்பது மட்டுமே காதில் விழுந்தது.

ஊசிமுனையில் கறுப்பாக, கண்மை மாதிரி, மெல்லிய இழை சுருண்டு சேர்ந்திருந்தது. பழைய அழுக்கு என்று ஊதிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி சேர்ந்தது. மறுபடி ஊதினேன். தட்டு சுத்தமாகிறது என்றுகூட நினைத்தேன்.

தட்டின் நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தில், கடைப்பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இங்கிலீஷில் ஒரு வரி இருந்தது. எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். 'நாட்' என்ற ஒரு சொல் மட்டும் புரிந்தது. எதையோ செய்யக் கூடாது என்கிறது. எதை என்று தெரியவில்லை. அது என்னைக் குடைந்தது. ஒயர் எடுக்க வந்த மச்சானிடம் காட்டினேன்.

"இது என்ன போட்டிருக்கு மச்சான்?"

"அது எனக்குத் தெரிஞ்சா நான் ஏன்யா கம்பத்துல தொங்குறேன்? கலெக்டர் ஆபீசுல ஃபேனுக்கடியில உக்காந்திருக்க மாட்டேனா?" என்று சிரித்தவர், சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னுமா அதையே நோண்டிக்கிட்டு இருக்கே? நான் உள்ள வர்றப்பல்லாம் அந்த ஆளு காது குத்தக் கூடாதுன்னே சொல்லிக்கிட்டு இருக்காரு. எத்தனை தடவைதான் சொல்லுவாரு? விடுய்யா அவரை."

முகப்பில் படித்தவர்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாங்கில் வேலை பார்ப்பவர், வக்கீல் எல்லாம் இருந்தார்கள். தட்டை எடுத்துக்கொண்டு போய், ஐயா, இதைப் படித்துச் சொல்லுங்கள் என்று கேட்க நாலு எட்டுதான். இரண்டு தடவை நடை வரை போனேன். செட்டுப் போட வந்தவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று ஒரு பார்வை பார்ப்பார்களே, அந்தப் பார்வைக்குப் பயந்து திரும்பிவிட்டேன். எல்லாவற்றையும் பற்றிக் கவலைப்பட்ட நான் அதை மட்டும், போகட்டும், கடை விலாசமாக இருக்கும் என்று ஒதுக்கினேன்.

மூன்று மணிக்கு மேல் குரல் மங்க ஆரம்பித்தது. திருகு மறுபடி அசைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். இறுக்கினேன். இன்னும் மங்கியது. இன்னும் இறுக்கினேன். நகக்கண் வெளுத்தது. அந்த வெளுப்பைப் பார்த்தபோதுகூட எனக்கு உறைக்கவில்லை. நாலரை மணிக்கு வெளியே பாட்டுப் போடச் சொல்லி ஆள் வந்தது. தட்டை எடுத்துத் துணியில் சுற்றினேன். காது அலுத்துவிட்டது, காலையில் தெளிவாகக் கேட்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எத்தனை தடவை போட்டேன் என்று அன்றைக்கு நான் எண்ணவில்லை. பிறகு வீட்டில் படுத்துக்கொண்டு, இறுக்கியது இத்தனை, தளர்த்தியது இத்தனை என்று கூட்டிப் பார்த்திருக்கிறேன். நாற்பதுக்குக் குறையாது.

மறுநாள் காலை, திருப்பூட்டுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, அதே அறையில் பிளேயரை வைத்தேன். நாயனக்காரர்களைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். மணப்பெண் வந்து ஜமுக்காளத்தில் உட்கார்ந்தாள். காரைக்குடியில் பி.யு.சி. படித்த பெண் என்று கேள்விப்பட்டிருந்தேன். காதில் வைரத்தோடு. பக்கத்தில் ஆச்சி, மகளின் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு. வாசலில் உறவுப் பெண்கள் இரண்டு மூன்று பேர் நின்றார்கள்.

ஊசியை இறக்கினேன். மழை இரைச்சல். பிறகு, தெளிவாக:

"ஓடுதா? பேசட்டுமா?"

ஆச்சி வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் பெண் ஸ்பீக்கர் பெட்டியைப் பார்த்துக் குனிந்தாள். அம்மா சவுக்கியமா என்றார். ஆடு, முருங்கைக் கன்று. அந்தப் பெண் சட்டென்று சிரித்துவிட்டாள். தன் அப்பா பேசி அவள் சிரித்த ஒரே தடவை அதுவாகத்தான் இருக்கும். பிறகு இரைச்சல் கூடிற்று. மணலில் சாக்கை இழுப்பது போல ஒரு சத்தம். அதற்கு அடியில் யாரோ பேசுவது தெரிந்தது. குரல் இருக்கிறது, சொல் இல்லை. எனக்கு மட்டும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. என் உதடு அசைந்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அது ஓடி முடிந்ததும் மறுபடி தெளிவாக வந்தது.

"மேவீட்டு ஓடு ஒழுகுது. மழைக்கு முந்தி மாத்தச் சொல்லு. அம்புட்டுத்தானா? இன்னும் இடம் இருக்கா?"

தட்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. நான் கையை எடுத்து வைத்தேன்.

ஆச்சி வாயிலிருந்து கையை எடுத்தார். "அன்னைக்கும் கதவுக்குப் பின்னால இப்படித்தான் கேட்டுச்சு," என்றார். பிறகு மகளிடம், "ரொம்ப நாளு பெட்டிக்குள்ள கெடந்துருச்சுல்ல ஆத்தா, வீணாப்போச்சு. அப்பவே வாய் திறந்து கேட்டு வாங்கிப் போட்டிருக்கணும். தப்பு என்மேலதான்" என்றார்.

பழி என்மேல் இல்லை என்றானதும் என் நெஞ்சுப் பாரம் இறங்கியது. அதை நான் மறைக்கப்போவதில்லை. அந்த அறையில் நின்றுகொண்டு, அந்த அம்மாள் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, எனக்கு நிம்மதியாக இருந்தது.

பெண் எழுந்து வந்து தட்டைக் கையில் எடுத்தாள். அந்தக் காகிதத்தை முகத்தருகே வைத்துப் படித்தாள். படித்த பிறகும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்துத் தடவைக்கு மேல போடக் கூடாதுன்னு இதுல எழுதியிருக்கே. போடப் போட மேல் பூச்சு போயிருமாம்." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நேத்து எத்தனை தடவை போட்டீக?"

"ஒண்ணு… ரெண்டு தடவைதான். ஓடுதான்னு பாத்தேன்."

வாசலில் மச்சான் நின்றார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"அப்ப நேத்து நீங்க கேட்டிருப்பீகளே. நடுவுல என்ன சொன்னாக?"

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. கேட்கிற ஆசை மட்டும்தான் இருந்தது. எனக்கு அது தலைகீழாகத் தெரியும். எந்தச் சொல்லில் மூச்சு வாங்கினார், எந்தச் சொல்லில் சிரித்தார் என்பது வரை தெரியும். ஆனால் ஒன்றிரண்டு தடவை கேட்டவன் அவ்வளவு சொல்ல முடியாது. சொன்னால் எண்ணிக்கை வெளியே வந்துவிடும். கொஞ்சமாகச் சொல்லலாமா என்று யோசித்தேன். எவ்வளவு சொன்னால் சரியாக இருக்கும், எவ்வளவு சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று அங்கேயும் திருகை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"நேத்தும் இப்படித்தான் இருந்துச்சு. வெளங்கலை."

"நேத்து நல்லாக் கேக்குதுன்னீகளே தம்பி?" என்றார் ஆச்சி.

"குரல் கேக்குதான்னு கேட்டீக. குரல் கேட்டுச்சு ஆச்சி."

அவர் தலையை ஆட்டினார். நம்பிவிட்டார். வெளியே நாயனம் ஆரம்பித்துவிட்டது, பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் தட்டைத் துணியில் சுற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். ஆச்சி அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தார். திருப்பூட்டு நடக்கும்போது கெட்டிமேளச் சத்தம் கேட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைக் குவித்தார். ஒயரைச் சுருட்டுகிற சாக்கில் நானும் அங்கேதான் இருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

திரும்பும்போது வண்டி குன்றக்குடி தாண்டியதும் மச்சான் பேச்சை எடுத்தார்.

"போட்டுத் தேச்சது தப்பில்லை மாப்ளே," என்றார். "அது தெரியாம செஞ்சது. அந்தப் புள்ளை கேட்டுச்சுல்ல, அப்பச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? என்ன பண்ணிருப்பாக? வைவாக. வஞ்சா ஒடம்புல ஒட்டிக்கிருமா?"

"நீங்க சொல்லியிருக்கலாமே மச்சான்."

"எனக்கு எங்க ஞாபகம் இருக்கு? காது குத்துறதுன்னு என்னமோ. நீதானே நாள் பூரா குடும்பம் நடத்துனே அந்தத் தட்டோட." வண்டியில் எங்களுக்கு நடுவில் பிளேயர் பெட்டி இருந்தது. அதன் மேல் கையை வைத்துத் தட்டினார். "நாளைக்குப் போயிச் சொல்லிட்டு வா."

நாளைக்குப் போகவில்லை. அடுத்த வாரம் போகலாம் என்றிருந்தேன். போனால் ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்று கேட்பார்கள். அதற்குப் பதில் தயார் செய்யவே ஒரு மாதம் ஆயிற்று. பிறகு ஏன் ஒரு மாதம் கழித்து வந்தாய் என்பதற்கும் பதில் வேண்டியிருந்தது. கடுதாசி எழுதலாம் என்று இரண்டு தடவை கார்டு வாங்கினேன். அப்படியே ஆறேழு வருடம் ஓடிவிட்டது. அதற்குள் ஊர்களில் டேப்பு வந்துவிட்டது. அதில் இந்தத் திருகு இல்லை. மச்சான் பிளேயரைக் கட்டிப் பரணில் போட்டார்.

எழுபத்தேழு வாக்கில் ஒருநாள் காலை காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் யாரோ, "தம்பி, செட்டுக்காரவுகதானே?" என்றார்கள். ஆச்சி. தலை நன்றாக நரைத்திருந்தது. கையில் ஒரு மஞ்சள் பை. எனக்குக் கால் ஓடப் பார்த்தது. அவர் முகம் மலர்ந்து பேசினார்.

"மேவீட்டு ஓட்டை மாத்திட்டேன் தம்பி. நீங்க போட்டுக் காட்டலைன்னா மறந்தே போயிருப்பேன். அவுக சொல்லி இருபத்தாறு வருசம் கழிச்சு மாத்துனேன். இப்ப ஒரு சொட்டு ஒழுகலை."

"சந்தோசம் ஆச்சி."

"மக மெட்ராசுல இருக்கா. பேத்திக்கு மூணு வயசு. வர்ற மாசம் இங்க கூட்டியாந்து காது குத்துறோம். மாமன்தான் இல்லை, இவ ஒத்தைப் புள்ளையால்ல போனா. பங்காளி வீட்டுப் பையன் ஒருத்தன் மடியில வச்சுக்கிறேன்னிருக்கான்." பையைத் திறந்து ஒரு சின்ன டப்பாவைக் காட்டினார். குழந்தைக்கு வாங்கிய தோடு. "பத்தர்கிட்டச் செய்யச் சொல்லி வாங்கிட்டுப் போறேன். பாருங்க, எம்புட்டுச் சின்னதா இருக்குன்னு."

தோட்டைக் கையில் வாங்கினேன். இதைவிட வேறு நேரம் இனி வராது என்பது தெரிந்தது. காது குத்தும்போது பக்கத்தில் நிற்பேன் என்று சொன்னவரின் சொல் என் தொண்டையில் அப்படியே இருந்தது. முதல் சொல்லை எடுத்துவிட்டால் போதும், மற்றது தானாக வந்துவிடும். வாயைத் திறந்தேன். விரல் அதற்குள் திருகாணியைச் சுற்றிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. கல் மாதிரி இறுகியிருந்தது.

திருப்பத்தூர் பஸ் வந்துவிட்டது. அவர் டப்பாவுக்குக் கை நீட்டினார்.

"காது குத்துறப்பத் திருகாணியை ரொம்ப இறுக்க வேண்டாம்னு பத்தர்கிட்டச் சொல்லுங்க ஆச்சி," என்றேன்.

"சரி தம்பி," என்று வாங்கிப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்.